பின்னால் வந்த கிழவர்

மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஐம்பது பேர் வேலை செய்யும் மோட்டார் பட்டறையை ஒற்றை ஆளாக உருவாக்கினேன். தொண்ணூறுகளில் மெஷின் வாங்கப் போய், சீனாவில் ஒரு சிற்றூரில், அவர்கள் பேச்சு தெரிந்த மருமகனோடு ஒரு மாதம் தங்கியிருந்தேன்.

ஒருநாள் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு, அப்படியே மெஷின் விற்றவரின் அப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். கிளம்பியபோது அந்தக் கிழவர் படியிறங்கி, தெருவிலும் எங்கள் பின்னாலேயே வந்தார். என் காய்ப்பையை வேறு பிடித்து இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க மாப்ளே, இவரு ஊட்டுல நாம கரண்டி கிரண்டி திருடிப்போட்டமா? நல்லாப் பார்த்துக்கச் சொல்லுங்க!" என்று பையை நடுத்தெருவில் கவிழ்த்தேன். முட்டைக்கோஸ் உருண்டோடியது.

"ஐயோ மாமா, பஸ் ஏத்திவிட வாராருங்க. விருந்தாளியப் பை தூக்க உடமாட்டாங்க இங்க."

கிழவர் குனிந்து, காய்களைப் பொறுக்கித் துடைத்துப் பையில் போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் கிளம்பும்வரை நின்றார். நான் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பல வருஷம் முன்னால், சொத்துப் பாகம் பிரித்த அன்று சட்டிபானையோடு நான் வெளியேறியபோது, கூடப்பிறந்த அண்ணன் வாசலுக்குக்கூட வரவில்லை. வழியனுப்ப யாரும் வந்து பழகாத எனக்கு, பின்னால் ஒருவர் நடந்து வந்தால் அது சந்தேகப்பட்டுத்தான் இருக்கும் என்றே தோன்றியது.