வாய் திறக்காத சலூன்காரர்

கத்தரிக்கோலை முதலில் காற்றில் வெட்டிப் பார்ப்பார். சரக், சரக் என்று முடியே இல்லாத இடத்தில் சத்தம் கேட்கும். பிறகு நாற்காலியில் இருப்பவரின் தலையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவார். புதிதாக வந்தவர்கள் பயந்துபோய், "என்னங்க, மண்டையில ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். "ம்ஹும்" என்பார். அதோடு சரி. சலூன் வைத்திருப்பவனுக்கு ஊர்வம்பு நாலாவது தெரிய வேண்டாமா? இவரிடம் தலையைக் கொடுத்தால் காதும் சேர்ந்து ஓய்வெடுக்கும். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. வீட்டில் கேட்கிற பேச்சே போதும் என்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் போலிருக்கிறது.

ஆள் இல்லாத நேரத்தில் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்வார். யோசனை பலமாக இருந்தால் சீப்பின் பல்லை நகத்தால் வருடிக்கொண்டே இருப்பார். டிர்ர், டிர்ர். அவர் பேச்சில் பாதி அதுதான்.

இந்தக் குணத்துக்குச் சொந்தபந்தத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு அவர் கல்லுளிமங்கன். பள்ளிக்கூடத்தில் மண்டை உடைந்து வந்தபோது, அடித்தது யார் என்று மாற்றி மாற்றிக் கேட்டும் வாயைத் திறக்காததால் வந்த பெயர் அது. வீட்டைப் பாகம் பிரித்தபோது எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தாரென்று சித்தப்பா அமுக்குணி என்றார். மாமனார் மட்டும் "நிதானமான பிள்ளை" என்று மெச்சித்தான் பெண்ணைக் கொடுத்தார். அந்த நிதானத்துக்கு அந்தப் பெண்ணே இன்று வைத்திருக்கும் பெயர் அழுத்தம். வாடிக்கைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஒருநாள் அவளிடமே எடுத்துச் சொன்னார்.

"அழுத்தம் இல்லம்மா. உள்நோக்கிய மனசு. எதையும் ஆழமா யோசிக்கிற மனுஷன்."

"ஆழம் இருக்கட்டும் சார். கல்லைப் போட்டா தொம்முனு ஒரு சத்தமாவது வரணுமில்ல?" என்றாள் அவள்.

கடைசித் தங்கைக்கு மட்டும் அவர் வெறும் அண்ணன். பெயர் வைக்கிற அளவுக்கு அவரைப் பற்றி அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது.

அன்று காலை கையில் ஒரு பையோடு அண்ணன் வீட்டில் வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. புருஷன் அடிப்பதும், அவள் கிளம்பி வருவதும், பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பி அனுப்புவதும் அவளுக்கே அலுத்துப்போய்விட்டன. பேசி அனுப்பிய பெரியவர்களும் இப்போது உயிரோடு இல்லை.

"அண்ணே, இனிமே அங்க போகமாட்டேன். இங்கயே ஒரு மூலையில இருந்துக்கறேன். இருக்கட்டா?"

அண்ணன் டீ டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். அவள் உதட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். டீயில் ஆடை படிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

"என்ன அண்ணி, ஒண்ணுமே சொல்லலையே?"

"இன்னிக்குக் கேட்டதுக்கு இன்னிக்கே பதிலா? எம் பொண்ணுக்குப் பேர் சொல்லுங்கன்னு கேட்டேன். அது தவழ்ற வரைக்கும் வெறும் பாப்பாதான்." அண்ணி சிரிக்கவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு அது. "நீ இருக்கறது எனக்கு ஒண்ணும் பாரமில்லடி. ஆனா அவர் சொல்லணும். மத்தியானம் சோறு கொண்டு போறப்ப இன்னொரு தரம் கேளு."

சோற்றோடு போனாள். யாருக்கோ பாதித் தலை முடிந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அவள் வாயெடுப்பதற்குள் அண்ணனின் போன் அடித்தது. அந்தப் பக்கத்துக் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அவள் தோள் தானாக ஒடுங்கிக்கொண்டது.

"மச்சான், புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும். அவளைக் கிளப்பி அனுப்பி வைங்க. இல்லேன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்."

"ம்" என்றார் அண்ணன். இன்னும் கொஞ்சம் கேட்டார். மறுபடியும் "ம்." போனைப் பையில் போட்டுக்கொண்டு மீதித் தலையை வெட்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, இடது காதுகிட்ட ரொம்ப ஏத்திட்டீங்களே!" என்று நாற்காலிக்காரர் பதறினார். தங்கைக்கு அது காதிலேயே விழவில்லை. அந்த இரண்டு "ம்" மட்டும்தான் விழுந்திருந்தன. சோற்றுப் பாத்திரத்தைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"அவர் போன்ல கூப்பிட்டார் அண்ணி. அண்ணன் சரின்னுட்டாரு. இழுத்துட்டுப் போனா தெருவே பாக்கும். நானே போயிடறேன்."

"சரின்னு வாயால சொன்னாரா?"

"ம்முன்னாரு."

"தலைவலி மாத்திரை வேணுமான்னாலும் அதே ம்தான். உக்காருடி."

உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். போகவும் இல்லை.

அண்ணன் வழக்கத்துக்கு முன்பே கடையைச் சாத்திவிட்டு வந்தார். கையில் இரும்புக்கடைப் பொட்டலமும் இரவல் வாங்கிய திருப்புளியும். பையோடு நின்றவளைத் தாண்டி நேரே பின்னறைக்குப் போனார். கால் உடைந்த பழைய சலூன் நாற்காலி, ரசம் போன கண்ணாடி, பவுடர் டப்பாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இத்தனை வருஷமா நான் கத்தினேன், நகரல. இப்ப என்ன வந்துச்சு?" என்றாள் அண்ணி.

கதவில் திருகாணி ஏறும் சத்தம்தான் கேட்டது. பழைய பலகை, லேசில் இடம் கொடுக்கவில்லை. முட்டுக்கொடுத்து நின்று முறுக்கினார். முடிந்து நகர்ந்தபோது கதவின் உள்பக்கம் கனத்த தாழ்ப்பாள் ஒன்று புதிதாக மின்னியது.

"உள்ள போ" என்றார் தங்கையிடம். போனாள். "போட்டுக்கோ."

தாழ்ப்பாள் விழுந்தது. அண்ணன் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துக் கதவை இடித்தார். அசையவில்லை. கூடத்தின் கோடிவரைக்கும் பின்னால் போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து பலங்கொண்ட மட்டும் இன்னொரு தரம் இடித்தார். கதவு நின்றது. வலித்த தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.