ஒரு வாழைச்சருகு

ஒரு வாழைச்சருகை மிச்சம் பிடித்து ஒரு பெண்ணை அவமானப்படுத்தினேன். காசு கொடுத்து வாங்கிய பொருள்கூட அல்ல. கடைக்குப் பின்னால் வாழை மரத்தில் காய்ந்து தொங்கியதுதான்.

வெள்ளைக்காரர் காலம். சேலத்தில் படிப்பை முடித்துவிட்டு, ஏற்காடு கடைவீதியில் அப்பாவின் மளிகைக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்களாக்களுக்குப் போகும் சாமானைச் சருகில் சுற்றுவோம், மழையில் நனையாது. எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வெறும் காகிதம். அது கடையின் வழக்கம், நானும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு சந்தை நாளில் தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் கூலிக்காரி ஒருத்தி மலேரியாக் காய்ச்சலுக்குத் தரும் கொய்னாப் பொடி வாங்கினாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, சருகுல சுத்திக் குடுங்க. ஊட்டுக்காரருக்கு நொம்பக் குளிர்காச்சலுங்க. நனஞ்சா கரஞ்சுருமுங்க.”

“ஏம் புள்ள, துரைசானி ஆயிட்டியா? பொட்டணத்துக்குப் பட்டுச்சேல கட்டியுடோணுமா?” என்றேன்.

பக்கத்தில் நின்ற பங்களாச் சமையல்காரர், “அப்படியே ஒரு பல்லக்கும் அனுப்பியுடுங்க!” என்றார். கடையே சிரித்தது. அவள் காகிதப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவள் குடியிருந்த லயன் வீடுகளிலிருந்து வந்தவர்களிடம் விசாரித்தேன். பொடி வழியிலேயே கரைந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் புருஷன் இறந்துவிட்டான். மருந்து போய்ச் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் நான் முயன்றதுண்டு.

ஒரு மூட்டை அரிசியோடு தலைச்சோலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மூட்டையைப் பார்க்கவே இல்லை.

“அன்னைக்கே சுத்திக் குடுத்திருக்கலாமுங்க” என்றாள். மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து என் கடையில் எல்லோருக்கும் சருகுதான். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் உட்கார ஒரு பலகையும் போட்டேன். வியாபாரம் இரட்டித்தது. “மொதலாளிக்கு நல்ல மனசுங்க” என்று சனங்கள் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்துப் பேசவில்லை; உண்மையையும் சொல்லவில்லை.

அவள் மட்டும் எதிர்க்கடைக்கே போனாள். ஒரு மழைநாளில் அந்தக் கடைக்காரரும் அவள் உப்பைச் சருகில் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். கூட்டம் எங்கள் பக்கம் சாய்ந்ததால் அவரும் அந்த வழக்கத்துக்கு மாறியிருந்தார். அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, என் கடைப்பக்கம் திரும்பாமல், மழையில் மலையேறினாள்.