டிரெஸர் தர்மலிங்கத்தின் ஆறாத புண்

மெர்போக் முதியோர் இல்லத்தில் எழுபத்தொன்பது வயது தர்மலிங்கம் பெரும் மரியாதைக்குரியவர். முப்பத்திரண்டு வருடம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, பல் பிடுங்குதல் எல்லாம் டிரெஸர்தான். பல்லுக்கென்று அவரிடம் ஒரு குறடும் ஒரு வாக்கியமும் இருந்தன: “ஆம்பள மாதிரி உக்காரு!” பெண்களுக்கும் அதே வாக்கியம்தான்.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு மாதமாக வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தார். கீழ் ஈறில் ஒரு புண். ஆறவில்லை. ஆறாத புண் எதில் போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும். வெற்றிலை போட்ட எத்தனையோ பேரைக் கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். திரும்பி வராதவர்களின் முகம் ஒன்றுகூட மறக்கவில்லை. எனவே விரதம் என்று சொல்லிக் கஞ்சி குடித்தார்.

அந்த நேரம் பார்த்து, வியாழன்தோறும் இல்லத்துக்குப் பல் டாக்டர் வரத் தொடங்கினார், டேப்லெட்டில். சுங்கை பட்டாணியிலிருந்து டாக்டர் ஜானிஸ் திரையில் தோன்றுவார்; பராமரிப்பாளர் நவமணி டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகக் காட்டுவார். முதல் வியாழன் தர்மலிங்கம் நாற்பது நிமிடம் குளித்தார். இரண்டாம் வியாழன் அவருக்குக் காது கேட்கவில்லை. மூன்றாம் வியாழன் பக்கத்துக் கட்டில் ஹெர்பர்ட் விடவில்லை.

“டிரெஸரே, என் கடவாப்பல்ல புடுங்கினப்ப நாலு பேர வச்சு என்னைய அமுக்கினீங்க. இது வெறும் டிவி லா. கடிக்காது.”

“டிவியில என்னய்யா தெரியும்? நேர்ல பாக்கணும்.”

“அப்ப நேர்லயே போவமா?”

தர்மலிங்கம் உடனே டிவி முன் உட்கார்ந்தார்.

நவமணி அவருடைய பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். டாக்டர் உற்றுப் பார்த்தார். “அங்கிள், நடுவுல என்னா வெள்ளையா?”

“சூப்பர் குளூ. ஒடஞ்சிருச்சு.”

“யாரு ஒட்டுனது?”

“டிரெஸர்.”

“எந்த டிரெஸர்?”

தர்மலிங்கம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ‘குணமாகிவிட்டது’ என்று தானே முடிவு சொன்ன செட்டு அது. ஓரம் கத்தி மாதிரி இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. “இது உரசித்தான் புண்ணா இருக்கலாம். செட்டு போடாதீங்க. ரெண்டு வாரத்துல ஆறலன்னா, ஆஸ்பத்திரில சதை எடுத்துப் பாக்கணும்.”

அந்த ‘இருக்கலாம்’ இரண்டு வாரம் அவரோடு கஞ்சி குடித்தது, அவரோடு வராந்தாவில் நடந்தது. கண்ணாடிப் பக்கம் அவர் போகவேயில்லை.

பதினான்காம் நாள் வாயைத் திறந்தார். டாக்டர் திரையில் நெருங்கி வந்தார், புருவத்தை உயர்த்தினார். அத்தோடு படம் நின்றுவிட்டது. உயர்ந்த புருவம் இறங்கவில்லை. நவமணி டேப்லெட்டைத் தட்டினார், ஜன்னலுக்குக் கொண்டுபோனார். தர்மலிங்கம் திறந்த வாயோடு இருந்தார். ஹெர்பர்ட்டுக்குக் கேலி வரவில்லை. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

“சாரி, லைன் போச்சு,” என்றது திரை. “நல்லா ஆறிருச்சு அங்கிள். புதுச் செட்டுக்கு அளவு எடுக்க வாங்க.”

தர்மலிங்கம் வாயை மூடவில்லை.

“இன்னொரு தடவ பாருங்க டாக்டர். நவமணி, டார்ச்ச கிட்ட புடிம்மா.”