லூபாவுக்குப் பொருந்தாத வேடம்

தொலைக்காட்சித் தொடர்களில் லூபா மெல்னிக் பலமுறை செத்திருக்கிறாள். சாகாத வாரங்களில் நர்ஸாக வந்து அடுத்தவர் சாவை அறிவித்திருக்கிறாள். போலீஸ்காரர் கதவைத் தட்டினால் சங்கிலியை விலக்காமல் எட்டிப் பார்த்து, "அந்த வீட்டுக்காரங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க" என்று சொல்லியிருக்கிறாள். டொராண்டோவின் ஏதாவது ஒரு தெருவில் நியூயார்க் பெயர்ப்பலகையை மாட்டிப் படமெடுக்கும்போதெல்லாம் அப்படி ஒரு கதவு தேவைப்படும். கதவுக்குப் பின்னால் ஒரு லூபாவும் தேவைப்படுவாள். தெருவில் யாராவது நிறுத்தி, "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே, பல் டாக்டர்கிட்டயா?" என்பார்கள். நடிகை என்று சொன்னால் எந்தப் படத்தில் என்று கேட்பார்கள். அதற்குப் பதில், "ஆமாங்க, பல் டாக்டர்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு டிராம் ஏறிவிடுவது சுலபம்.

வேலை வரும் வாரங்கள் குறைவு, வராத மாதங்கள் அதிகம். அந்த மாதங்கள்தான் அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தன. படப்பிடிப்பில் மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டங்களைக் கட்டும் நேரத்தில் மூடி போட்ட டப்பாக்களோடு சமையல் வண்டிக்குப் போய், "குப்பைக்குத்தானே போகுது, நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாள். கேட்காமல் ஒரு காரட் துண்டைக்கூடத் தொடமாட்டாள். கோழி எலும்பை வெங்காயத் தோலோடு போட்டுப் பாதி நாள் கொதிக்கவிட்டு ரசம்போல் வடிப்பாள். காய்ந்த ரொட்டி பாலில் ஊறி இனிப்பாகும். மிஞ்சிய உருளைக்கிழங்கு மசியலை மாவுக்குள் பொதிந்து, அவள் ஊர் உக்ரேனியர்கள் செய்கிறபடி பெரோகியாக வேகவைத்து வெண்ணெயில் புரட்டுவாள். முட்டைக்கோஸின் தண்டைக்கூட அவள் எறிந்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் நகரத்தின் பார்க்டேல் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்கு வேலையில்லாத நடிகர்கள் வருவார்கள். ஒரே ஒரு விதி. "உங்க ஃபிரிட்ஜில சாகக் கிடக்கறதக் கொண்டாங்க, நான் உயிர் குடுக்கறேன்." வாடிய செலரி, பாதி தக்காளி, யாரோ பாட்டில் அடியில் விட்டுவைத்த வைன் எல்லாம் அவளுடைய பெரிய பானைக்குள் இறங்கும்.

அவர்களில் ஒரு வாரமும் தவறாமல் வந்தவன் ஆல்டன். கேப் பிரெட்டன் தீவிலிருந்து நடிக்க வந்து, நடிப்பு கைகொடுக்காமல் எழுத ஆரம்பித்தவன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். அடுப்புக்குப் பக்கத்து முக்காலிதான் அவன் இடம். அங்கே உட்கார்ந்து லூபா கரண்டி பிடிப்பதையும், ருசி பார்க்கும்போது ஒரு கண்ணை மூடுவதையும் அப்படியே செய்து காட்டுவான். அறையே சிரிக்கும். எல்லாரையும்விட லூபாதான் சத்தமாகச் சிரிப்பாள்.

அவனுக்கு ஒரு தொடர் எழுத வாய்ப்பு வந்ததும் ஞாயிறுகளுக்கு வருவது நின்றது. லூபா வருத்தப்படவில்லை. வேலை கிடைத்தவன் வராமல் இருப்பதுதான் முறை என்று மற்றவர்களிடமும் சொன்னாள்.

ஒருநாள் அவளுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்ட் பெர்னிஸ் கூப்பிட்டாள்.

"லூபா, உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒரு வேஷம். கதவத் திறக்கற வேஷம் இல்லடி, தொடர் முழுக்க வரும்."

அனுப்பிய பக்கங்களை லூபா சமையலறையில் நின்றபடியே படித்தாள். ஓல்கா என்று ஒரு நடிகை. பையில் டப்பாக்களோடு படப்பிடிப்புக்குப் போகிறவள். "சாகக் கிடக்கறதக் கொண்டாங்க" என்று சொல்கிறவள். எழுதியவன் பெயர் ஆல்டன். அவளுக்குக் கோபம் வரவில்லை. பயல் எனக்காகவே எழுதியிருக்கிறான் என்று கண் நிறைந்துவிட்டது. கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. ஆச்சரியப்படுத்தத்தான் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று தானே அதற்கும் காரணம் கண்டுபிடித்தாள்.

நடித்துக் காட்டப் போன அறையில் ஆல்டன் பின்வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து ஒரு புன்னகை, மறுபடி கைபேசி. லூபா செய்தாள். செய்வதற்கு என்ன இருக்கிறது? பையைத் திறந்தாள், டப்பாவை எடுத்தாள், பேசினாள்.

இயக்குநர் தாடையைத் தடவினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்பற மாதிரி இல்லீங்க. இந்தப் பொம்பள இன்னும் கஞ்சமா, இன்னும் வேடிக்கையா இருக்கணும். சாப்பாட்ட எடுத்துப் பையில போடறப்ப சுத்திமுத்திப் பாக்கணும். திருடற மாதிரி."

"இவ திருடலையே," என்றாள் லூபா. "கேட்டுட்டுத்தானே எடுக்கறா?"

"காகிதத்துல அப்படி இல்லியேம்மா."

எல்லாரும் ஆல்டனைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான். "அது வந்து... கேட்டு எடுத்தா சிரிப்பு வராது, லூபா."

லூபா மறுபடி செய்தாள். இந்தமுறை சுற்றுமுற்றும் பார்த்தாள். தோளைக் குறுக்கி, திருட்டுப் பூனைபோல் டப்பாவைப் பைக்குள் தள்ளினாள். அவர்கள் சொன்னதைப் பின்னால் அவளால் மன்னிக்க முடிந்தது. தான் அதைச் செய்ததைத்தான் முடியவில்லை.

வேடம் கோரா வில்லெட்டுக்குப் போனது. கோராவின் முகம் டிராம் நிறுத்தங்களில் ஆளுயரத்துக்கு ஒட்டப்படுகிற முகம். அதோடு விட்டிருந்தால் போயிற்று. பெர்னிஸ் மறுபடி கூப்பிட்டாள்.

"கோராவுக்கு வெங்காயம்கூட உரிக்கத் தெரியலையாம். கேமராவக் கிட்டத்துல வச்சு எடுக்கறதுக்குக் கை மட்டும் வேணுமாம். ஆல்டன்தான் உன் பேரச் சொல்லியிருக்கான். போறியா, வேணாமா? நான் சங்கடப்படுத்தல."

"கைக்கு வசனம் இல்லையே? போறேன்," என்றாள் லூபா. அந்தக் குளிர்காலத்தில் வேறு வேலை எதுவும் வந்திருக்கவில்லை.

கோரா போட்டிருந்த அதே பழுப்புக் கம்பளிச்சட்டையை லூபாவுக்கும் மாட்டினார்கள். கோரா நகர்ந்ததும் அந்த இடத்தில் இவள் நின்று கையை நீட்டினாள். வெங்காயம் உரித்தாள், எலும்பு உடைத்தாள், ரொட்டி கிள்ளினாள். விளக்கை மாற்றிய இடைவெளியில் கோரா ஒரு நாற்காலியை இழுத்து லூபா பக்கத்தில் போட்டாள். நல்ல பெண்தான்.

"எவ்ளோ லாவகமா செய்யறீங்க! இந்த ஓல்கா நெஜமாவே இருந்த பொம்பளயாம், தெரியுமா உங்களுக்கு? ஆல்டன் சொன்னான். அவனுக்கு வருஷக்கணக்கா சோறு போட்டிருக்கா. பாவம், செத்துப் போச்சாம்."

லூபாவின் கத்தி நின்றது. "எப்படிச் செத்தாங்களாம்?"

"அதெல்லாம் கேக்கலங்க. தனியாத்தான் கிடந்திருக்கும் போல."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் லூபா. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

சூப் திரையில் பளபளக்க வேண்டும் என்று அதன்மேல் எதையோ தெளித்தார்கள். எடுத்து முடித்ததும் பானையோடு தொட்டியில் கவிழ்த்தார்கள். அன்று லூபா சமையல் வண்டிப் பக்கம் போகவில்லை. டப்பாக்கள் காலியாகவே பைக்குள் முட்டிக்கொண்டிருந்தன.

வாசலில் ஆல்டன் நின்றிருந்தான்.

"கோவமா?"

"செத்தவளுக்கு ஏதுடா கோவம்?"

அவன் முகம் வெளுத்தது. "சேனல் வக்கீல்தான் பயமுறுத்தினார், லூபா. உயிரோட இருக்கற ஆள வச்சு எழுதினா சம்மதம் வாங்கணும்னாரு. அதான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே?"

அவன் பனிக்குள் பூட்ஸால் ஒரு குழி பறித்தான். "கேட்டா நீ வேஷத்தக் கேப்பியோன்னு பயந்தேன். பேரில்லாத முகத்துக்கு சேனல்காரன் தொடர் தரமாட்டான். அது உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் அதிகமாக எரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்றான்.

"வா. ஃபிரிட்ஜில இருக்கறதக் கொண்டா."

"இப்பல்லாம் வெளியிலதான் சாப்பாடு. ஃபிரிட்ஜில ஒண்ணும் இல்ல."

"அப்ப வராத," என்று சொல்லிவிட்டு லூபா நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை.

தொடர் வெளிவந்து ஓகோவென்று ஓடியது. அடுத்த வீட்டு டிரினிடாட்காரி மார்வா கதவைத் தட்டினாள். "அடி லூபா, அந்தக் கெழவியப் பாத்தியா? அச்சா ஒன்ன மாதிரியே இருக்காடி! ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அவ ஒன்னவிட நல்லா செய்யறா."

ஞாயிற்றுக்கிழமைகள் கெட்டுப்போயின. வந்தவர்கள் லூபா கரண்டியைத் தூக்கினாலே சிரித்தார்கள். ருசி பார்க்கக் கண்ணை மூடினால் கைதட்டினார்கள். அவள் பேசுமுன்பே ஒருவன் கோராவின் குரலில் அவள் வசனத்தைச் சொன்னான். அவர்களில் எவர் மனதிலும் கெட்ட எண்ணமில்லை. தன் அடுப்பின் முன் தானே எப்படி நிற்பது என்று லூபாவுக்குத்தான் தெரியாமல் போயிற்று. முட்டி வலிக்கிறது என்று சொல்லி ஒரு வாரம் நிறுத்தினாள். மறுவாரமும் முட்டி வலித்தது. பிறகு யாரும் கேட்கவில்லை.

வசந்தத்தில் பெர்னிஸ் ஒரு விளம்பரத்துக்கு அனுப்பினாள். டப்பாவில் அடைத்த சூப். "கோரா மாதிரி ஒருத்தி வேணுமாம். கோராவுக்கே குடுக்க அவங்களுக்குக் கட்டுப்படி ஆகலையாம்."

லூபா போனாள். கோரா நடந்த மாதிரி காலை இழுத்து நடந்தாள். லூபாவுக்கு அந்த நடை என்றைக்கும் இருந்ததில்லை. கோரா சிரித்த மாதிரி மூக்கால் சிரித்தாள். டப்பாவைப் பைக்குள் போடும்போது, யாரும் சொல்லாமலே, சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அச்சு அசல்!" என்று விளம்பரத்தின் இயக்குநர் துள்ளினார். "எங்கம்மா இருந்தீங்க இத்தன நாளா?"

அந்த இடத்திலேயே வேலை உறுதியானது. அதற்குப்பின் இன்னொரு விளம்பரம், ஒரு தொடரில் மாமியார், இன்னொன்றில் கஞ்சப் பெரியம்மா. எல்லாமே கோரா மாதிரிதான். பெர்னிஸுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே வேலைக்குப் பஞ்சமே இல்லடி உனக்கு!"

உண்மைதான், பஞ்சமில்லை. வேலை முடிந்து வந்து லூபா பழக்கத்தில் பெரிய பானையையே ஏற்றுவாள். அடுப்பருகில் நின்றபடி ஒரு கிண்ணம் குடிப்பாள். மீதி ஃபிரிட்ஜுக்குப் போகும். நாலைந்து நாளில் மேலே பூஞ்சை படியும். மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரைத் திறந்துவிடுவாள்.