மேசைக்கு மட்டும் கறுப்பு

என் பழைய நாட்குறிப்பு நோட்டில் ஒரு பக்கத்தில் நான்கு மரச்சீவல்கள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஆண்டு எழுதிய முதல் தாள் செல்லரித்துப் போனதால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி என்பதற்குமேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கிழமைகள் தப்பித்திருக்கின்றன. தை மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆசாரி எங்கள் கூடத்துக்குப் புதுக் கதவும் இரண்டு ஜன்னல்களும் பொருத்தி முடித்தார். பழையவற்றைக் கரையான் தின்றிருந்தது. புதியவை தேக்கு. நிறம் ஏற்றுவதுதான் பாக்கி.

வீட்டில் நானும் என் அக்காவும் மட்டும். நான் பிரெஞ்சுப் பத்திரப் பதிவாளரான ஒரு நொத்தேரிடம் பத்திரங்களைப் படியெடுக்கும் குமாஸ்தா. அக்கா துணியில் பூவேலை செய்பவள். வெள்ளைத் துணியில் இழைகளை உருவிவிட்டு, மிச்ச இழைகளை வெள்ளை நூலால் கட்டி வலைபோல ஓரம் செய்வாள். அந்த ஆண்டு கன்னியர் மடத்தில் முதன்முறையாகக் கோயிலின் பெரிய பீடத்துத் துணியை அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் பெரிய பீடத்து வேலை பழையபடி வேறொருத்தி கைக்குப் போகும் என்று மடத்துத் தாயார் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

என் எசமானர் வீட்டில் சலோன் என்கிற வரவேற்பறையில் கதவு, நாற்காலி, அலமாரி எல்லாம் ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்பு. அதையே எங்கள் கூடத்துக்கும் மனத்தில் வைத்திருந்தேன். ஓர் அறையின் மரங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் படித்து, அதை நோட்டிலும் குறித்திருந்தேன். ஆசாரி நான்கு சீவல்களில் நான்கு நிறம் ஏற்றிக் கொடுத்தார். அவற்றைச் சுண்ணாம்புச் சுவரில் சாய்த்துவைத்து, காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, ஐந்தரை என்று நான்கு வேளையும் பார்த்து எழுதினேன்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். கதவு கறுத்தால் கூடத்தில் சீக்கிரம் இருட்டிவிடும், அவளுக்குச் சாயங்கால வெளிச்சம் வேண்டும். எசமானர் வீட்டு ஜன்னல்கள் ஆள் உயரத்துக்குமேல், எங்களுடையவை இடுப்பளவு. அவள் சொன்னது சரி. ஈட்டி நிறத்தைக் கைவிட்டேன். மூன்றாவது சீவலின் தேன் நிறத்தை எல்லாவற்றுக்கும் என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றுக்கும் என்றதில் அப்பாவின் பழைய மேசையும் சேர்ந்தது. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கில் அது கன்னங்கரேலென்று இருந்தது. ஆசாரி மேசைக்கு என்ன வேலை என்று கேட்டார். எழுதுகிற மேசை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. இழைத்து, சாராயத்தில் கரைத்த அரக்கை நான்கு பூச்சு ஏற்றினார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை கூடம் முழுவதும் ஒரே தேன் நிறமாக நின்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

புதனன்று பூசை முடிந்து வந்து, எப்போதும்போல அந்த மேசையில் துணியை விரித்தாள். வழக்கமாக நாளுக்கு ஒரு சாண் ஓரம் முடிப்பாள். முதல் ஆறு நாளில் மூன்று சாண்தான் ஆயிற்று. அதிலும் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினாள். கண் பழுதாகிறது என்று பயந்தேன். ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று கேட்டதற்கு, ஊசியில் அடுத்த நூலைக் கோத்தாள்.

அடுத்த வியாழன், பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது கூடத்தில் அவள் இல்லை. பின்கட்டில், அடுக்களைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மடியில் என் கறுப்புக் கோட்டு, அதன்மேல் பீடத்துத் துணி.

"கோட்டு உனக்கு எதுக்குக்கா?" என்றேன்.

"நீ நாலு வேளையும் நின்னு பாத்து எழுதினியே தம்பி. ஒரு வேளையாவது என் துணிய விரிச்சுப் பாத்தியா?"

அவள் துணியின் ஒரு முனையைக் கோட்டின்மேல் இழுத்துவிட்டாள். ஓட்டைகள் ஒவ்வொன்றும் கறுப்பாக எண்ணும்படி தெரிந்தன. அதையே கூடத்துக்கு எடுத்துப்போய் மேசையில் விரித்தாள். வெள்ளை நூலும் தேன் நிறமும் ஒன்றில் ஒன்று கரைந்து, எது இழை எது இடைவெளி என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"மாப்பிள்ளைய காட்டற மாதிரி மேசைய காட்டின. என்னன்னு சொல்றது?"

அன்று மாலையே ஆசாரியைத் தேடிப் போய், மேசையை மறுபடி கறுப்பாக்கச் சொன்னேன். "எழுதற மேசைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? ஊசி வேலைன்னா நான் அத தொட்டே இருக்க மாட்டேன்," என்றார். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் சீக்கிரம் கறுக்கும், ஆனால் காயாமல் வெள்ளைத் துணியில் ஒட்டும் என்றும் சொன்னார். அதனால் மேல்பலகையில் ஏற்றிய அரக்கை முழுவதும் சுரண்டி எடுத்தார். கடுக்காய் வேகவைத்த நீரைப் பூசி, அது காய்ந்தபின் துருப்பிடித்த ஆணிகள் ஊறிய நீரைப் பூசினார். கண்முன்னே பலகை மை நிறமாகியது. அதன்மேல் மெழுகு. சனிக்கிழமை காலை ஈர வெள்ளைத் துணியால் மூன்று முறை அழுத்தித் துடைத்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் அக்கா தன் கைக்குட்டையால் நான்காவது முறை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அதற்குப்பின் சில நாள் ஒன்றரைச் சாண்கூட முடித்தாள். கதவும் ஜன்னலும் தேன் நிறத்திலேயே இருந்ததால் ஐந்தரை மணிவரை கூடத்தில் வெளிச்சம் இருந்தது. அந்த ஒரு தேர்வு மட்டும் பிழையில்லை. பார்க்க வந்த என் அலுவலக நண்பர், மேசையை வேறு வீட்டில் இரவல் வாங்கினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனி, காலை ஒன்பது மணிக்கு இருவரும் மடத்துக்குப் போனோம். தாயார் மேசை எதையும் தேடவில்லை. கறுப்பு அங்கியின் கையை நீட்டி, அதன்மேல் துணியைப் போட்டு, ஓரத்தை விரல் விரலாக நகர்த்திப் பார்த்தார். நான்கு பக்கமும் முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, மார்கழியில் கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கும் ஒன்று வேண்டும், இதைவிட ஒரு விரல் அகலமாக, என்றார்.

வீடு வந்ததும் நோட்டை எடுத்து, ஒரே நிறம் என்று குறித்திருந்த வரியை அடித்தேன். ஐந்தாவது சீவலை ஒட்டவில்லை. அந்தக் கறுப்பை ஆசாரி நேராகப் பலகையில்தான் ஏற்றியிருந்தார்.