சாட்சியில் சொல்லாத நாள்

ஞானபாக்கியம் தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடப்போகிறாள் என்று தெரிந்ததும் போடி ஊர்க் கடைவீதி சும்மா இருக்குமா? "ஏலக்காய்க் கடைக்காரம்மா அப்படி என்னத்த எழுதப் போறாக?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டவர்களையெல்லாம் சிரித்தே சமாளித்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் அதே கேள்விதான்.

மத்தியானமானால் கடைக்கு ஆள் வரத்து குறையும். மூட்டைகளில் இருந்து வரும் ஏலக்காய் வாசம் கண்ணைச் சொக்க வைக்கும். கணவர் ராஜமணி கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் அவள் எழுதினாள். பாதி நினைப்பு, பாதி தூக்கம். எழுதுகிறோமா, கனவு காண்கிறோமா என்று சில நாள் அவளுக்கே தெரியாது.

முடித்ததைத் தேனியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் கயலிடம் கொடுத்தாள். கயல் வாசித்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"கோவிச்சுக்கிராதீகம்மா. எல்லா அத்தியாயத்துலயும் ஒரு கஷ்டம் வருது, ஜெபம் பண்றீக, கஷ்டம் போயிருது. கடைசியில ஒரு ஸ்தோத்திரம். இதுல நீங்க எங்கன இருக்கீக?"

ஞானபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் வேறு எப்படி எழுதுவது? சின்ன வயதிலிருந்தே சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி வளர்ந்தவள். வந்த துன்பம், கேட்ட ஜெபம், கிடைத்த விடுதலை. போதகரின் மனைவி ஐயரம்மா கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும். வாழ்க்கையைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அப்படியே மொத்த ஆயுசையும் சாட்சியாக எழுதி வைத்துவிட்டாள். அதில் ஒரு வரி பொய் கிடையாது. சாட்சிக்குள் அடங்காததைத்தான் விட்டுவிட்டிருந்தாள்.

அப்படி விட்டுப்போனதில் ஒரு நாள் இருந்தது.

மகன் ஸ்டீவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். தேனிக்குப் போய்க் கண்ணாடி மாற்றிவருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். தேனி பஸ்ஸுக்குப் பக்கத்தில் மூணாறு பஸ் நின்றது. ஏறிவிட்டாள். வீட்டில் சண்டையில்லை, மனத்தாங்கலில்லை. மலை வளைவெல்லாம் ஏறிப் போடிமெட்டில் இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். "மஞ்சு இறங்குது சேச்சி," என்றார் மலையாளத்துக்காரரான கடைக்காரர். பனி மெதுவாக வந்து முதலில் ரோட்டை மூடியது, பிறகு எதிரே நின்ற மரங்களை, பிறகு அவள் காலில் கிடந்த செருப்பை. யாருக்கும் மனைவியில்லை, யாருக்கும் அம்மாவில்லை, கடைக்காரம்மாவும் இல்லை. வெள்ளையாக ஒன்றுமே இல்லாத இடத்தில் டம்ளரின் சூடு மட்டும் கையில் இருந்தது. சாயங்காலம் குளிர் பொறுக்காமல் கீழே இறங்கி வந்துவிட்டாள். அவ்வளவுதான். துன்பமும் இல்லை, விடுதலையும் இல்லை. ஆனால் அவள் வாழ்நாளிலேயே ஆகச் சந்தோஷமான நாள் அதுதான்.

கடையில் கண் சொக்கும் மத்தியானங்களில் அந்தப் பனி ஏலக்காய் மூட்டைகளுக்கு இடையே இறங்கி வரும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எழுதினால் என்ன ஆகும்? கூட யார் இருந்தது என்று கடைவீதி கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷன் இதைப் படித்தால்? பொண்டாட்டியின் ஆகச் சந்தோஷமான நாளில் தான் இல்லவே இல்லை என்று தெரிந்தால்? அந்தப் பயத்தில் எழுத்தையே மூடி வைத்தாள். ஒரு மழைக்காலம் போயிற்று. மனசு கேட்கவில்லை. மறுபடி எடுத்து, பஸ் ஏறியதற்கு ஒரு காரணம் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டை நடந்ததாகச் சேர்த்து எழுதி அனுப்பினாள்.

கயல் போனில் கேட்டாள். "அந்தச் சண்ட நெசமாவே நடந்துச்சாம்மா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு ஐயா மேல பழி போடுறீக?"

ஞானபாக்கியத்துக்கு வெட்கமாகப் போயிற்று. சண்டையை அடித்தாள். பழக்கதோஷத்தில் கடைசியில் வந்து உட்கார்ந்த ஸ்தோத்திரத்தையும் அடித்தாள். இருந்ததை இருந்தபடி எழுதினாள். கயலுக்குப் பிடித்துவிட்டது, அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. ராஜமணி படிக்காமல் அது அச்சேறக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த அத்தியாயத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஏலக்காய் பொறுக்க உட்கார்ந்தாள். எது நல்ல காய், எது சொத்தை என்றே கண்ணுக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றார்.

"பாக்கியம், அன்னைக்கு நீ பச்சச் சேல கட்டியிருந்த. அத எழுதலயே?"

சேலையின் நிறம் அவளுக்கே மறந்திருந்தது.

"பூப்பாறைத் தோட்டத்துல காய் எடுத்துட்டு ஜீப்புல வந்தேன். டீ குடிக்க நிறுத்தச் சொன்னா, பெஞ்சுல நீ. ஒன் மொகத்த அப்படி ஒரு நாளும் நான் பாத்ததில்ல. கூப்புட்டா கலஞ்சு போயிருமேன்னு வண்டிய விடச் சொல்லிட்டேன்."

"வலிக்கலயா ஒங்களுக்கு?"

"வலிச்சுச்சு. இல்லாம இருக்குமா? அன்னைக்கு ராத்திரி கண்ணாடி மாத்தலயான்னு கேட்டேன். கட பூட்டியிருந்துச்சுன்ன. சரின்னு விட்டுட்டேன்."

ஞானபாக்கியத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனியாக இருந்ததாக இத்தனை காலம் நினைத்த பனிக்குள் ஓரமாக ஒரு ஜீப்பும் நின்றிருக்கிறது.

"இதயும் சேத்து எழுது," என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டேன். அது ஒங்க நாளு. வேணும்னா நீங்க எழுதுங்க," என்று சொல்லிவிட்டு, கயலுக்குப் போன் போட்டாள்.

"அச்சுக்கு அனுப்பிரும்மா. ஒரே ஒரு திருத்தம். பச்சச் சேலன்னு சேத்துக்க."