இரண்டு பேர் தூக்க வேண்டிய மனிதர்

அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே ரோண்டாவுக்குக் குமட்டியது. மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊருக்கு மிஞ்சிய முதியோர் இல்லத்தில் உதவியாளராக மலமும் வாந்தியும் துடைத்தபோதுகூட அவள் முகம் சுளித்ததில்லை. நர்ஸ் உரிமத் தேர்வுக்கான அந்தப் புத்தகத்தைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. அத்தனையும் பொய். நிஜத்தில் வராத ஆள், அதில் மணியடித்தால் வரும்.

இரண்டு முறை தோற்றிருந்தாள். இடைவேளையில் கூட வேலை பார்க்கும் ட்வைலா, சிப்ஸ் கொறித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். கால் ஊன்ற முடியாத நோயாளியை வார் மாட்டி மெஷினில் தூக்க வேண்டும், துணைக்கு ஆளில்லை, என்ன செய்வாய்? ஜாக்கிரதையாகத் தனியே தூக்குவேன் என்பாள் ரோண்டா. ஹாஸ்கின்ஸ் என்ற பெரியவரைத் தினமும் அவள் அப்படித்தானே தூக்கினாள்! இல்லாவிட்டால் மனிதர் மத்தியானம்வரை ஈரத்திலேயே கிடப்பார்.

"உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாடி," என்றாள் ட்வைலா. "ரெண்டு பேர் இல்லாம தொடக்கூடாது. அவ்ளோதான் பதில்."

நர்ஸ் பெவர்லியிடம் அதைச் சொல்ல முடியுமா? துணைக்குக் கூப்பிட்டால் மருந்து வண்டியிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டாள். "நீயே தூக்கிடு கண்ணு. எப்பவும் பண்றதுதானே." அந்தக் 'கண்ணு'வைக் கேட்டாலே ரோண்டாவுக்கு உடம்பெல்லாம் கூசும். ஒருநாள் அவள் தனியே தூக்கும்போது வார் நழுவி, கிழவரின் கெண்டைக்கால் மெஷின் கம்பியில் உரசிக் கிழிந்தது. அவருடைய மகள் முன்னால், இவளுக்கு அஜாக்கிரதை என்று பெவர்லி கூசாமல் சொன்னாள். ரோண்டா கழிவறைக்குப் போய்க் காறித் துப்பினாள். உரிமம் வாங்குவேன், இந்தப் பொம்பளை மாதிரி மட்டும் ஆகமாட்டேன் என்று அன்றைக்கு ட்வைலாவிடம் சொன்னாள். அந்த அருவருப்பில்தான் படித்தாள்.

மூன்றாம் முறை, தெரிந்ததையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனாள். தேறினாள். பெவர்லி வேறு வேலை கிடைத்துப் போய்விட, மருந்து வண்டி இவள் கைக்கு வந்தது.

முதல் நாளே வேலை கழுத்தை நெரித்தது. பாதிப் பேருக்கு மாத்திரை போகவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி போடுவதற்குள் காலைச் சாப்பாடே வந்துவிட்டது. ட்வைலா வந்து, ஹாஸ்கின்ஸ் நனைந்து கிடக்கிறார், ஒரு கை பிடிக்க வா என்றாள்.

ரோண்டா தலையை நிமிர்த்தவில்லை.

"நீயே தூக்கிடு கண்ணு. எப்பவும் பண்றதுதானே."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. வாய்க்குள் ஏதோ அழுகியதுபோல் இருந்தது. ட்வைலா கோபப்படவில்லை.

"அதான் பரீட்சையில பாஸாயிட்டியே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கூப்பிட்டிருக்கலாம். வண்டியைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கலாம். ரோண்டா அடுத்த மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டாள். ஹாஸ்கின்ஸ் அறையில் மெஷின் உறுமத் தொடங்கியது.